வெற்றியாளர் இல்லாத ஆண்டு

கடைசிக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆறு தொழிற்பள்ளிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பைக் கலைத்து, பக்கத்திலுள்ள பெரிய கூட்டமைப்போடு சேர்ப்பது என்று கை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாரும் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். எதிர்த்து நிற்க ஒரு காரணம் வேண்டும், அதைச் சொல்லத் தெம்பும் வேண்டும். என்னிடம் காரணம் மட்டும்தான் இருந்தது.

பெரிய கூட்டமைப்பிலிருந்து வந்த இளைஞர் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். இனிமேல் ஆட்டக்காரர் பட்டியலைக் கையால் சரிபார்க்க வேண்டியதில்லையாம். பெயரை அடித்தால் பச்சை வரும், அல்லது சிவப்பு வரும். பச்சை என்றால் விளையாடலாம். "ஃப்ராவ் குரூஸ், உங்களுக்கு இனி ஓய்வு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஃப்ராவ் என்றால் இங்கே திருமதி. நல்ல பிள்ளை. பிறகு கூட்டமைப்பின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டார். நான்தான் அதிக காலம் இருந்தவளாம்.

ஜெர்மனில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். புள்ளி எழுதும் மேசையில் என்னோடு இருந்த தமிழ்ப் பிள்ளைகள் அதை வாசித்துவிட்டு, "இதில நீங்களே இல்லையே, ரெஜினா அன்ரி" என்றார்கள். உண்மைதான். அதில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் பதினாறு வயதில் ஒரு தொழில் பழகப் போகிறார்கள். அதை லேர என்பார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலையிடத்தில், மீதி நாள் தொழிற்பள்ளியில். மூன்றே வருடத்தில் படிப்பு முடிந்துவிடும் பள்ளியில் அணி என்று ஒன்று நிலைக்காது. ஒரு பெண் சேவிஸ் போட நன்றாகப் பழகி முடிக்கிற நேரம் அவளுக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். அந்தப் பள்ளிகளுக்குள்ளேயே ஒரு போட்டித் தொடர் வேண்டும் என்று நான்கு விளையாட்டு ஆசிரியர்கள் ஓல்டன் ரயில் நிலையத்து உணவகத்தில் கூடிப் பேசினார்களாம். நான்கு பக்கத்து ரயிலும் அங்கே வந்து சேர்வதால் அந்த இடம். அன்று எழுதிய விதிகள் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கின. முதலில் ஹாண்ட்போல் என்கிற கைப்பந்து, பிறகு வொலிபோல் என்கிற கரப்பந்து, பிறகு மண்டபக் கால்பந்து. நான்கு பள்ளி ஆறாகியது. ஒரு காலத்தில் குளிர்காலச் சனிக்கிழமை ஒவ்வொன்றிலும் ஆட்டம் இருந்தது. பிறகு ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள், மண்டபங்களைக் கழகங்கள் எடுத்துக்கொண்டன, கொரோனா இரண்டு பருவங்களை விழுங்கியது. திரும்பி வந்தபோது ஆறில் மூன்று பள்ளியால்தான் அணி சேர்க்க முடிந்தது. வரலாறு இவ்வளவுதான்.

நான் அதற்குள் நுழைந்தது துடைப்பத்தோடு. மன்னாரிலிருந்து வந்து, கணவர் டாவோஸில் ஹோட்டல் கோப்பை கழுவிய இரண்டு குளிர்காலமும் முடிந்து, லாங்கன்தாலில் வீடு எடுத்திருந்தோம். தொழிற்பள்ளி விளையாட்டு மண்டபத்தைத் துப்புரவு செய்யும் வேலை எனக்கு. ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும் என்று வாளியோடு சுவரோரம் நின்றேன். ஆட்டம் தொடங்கவே இல்லை. புள்ளி எழுத வேண்டியவர் வரவில்லை. ஒரு பெண் என்னிடம் நேராக வந்தார். "உங்களுக்கு எண்கள் எழுதத் தெரியுமா?" என்று ஜெர்மனில் கேட்டார். பள்ளிக்காலத்தில் வலைப்பந்து விளையாடியவள் நான், புள்ளியும் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது ஜெர்மன் வராது. "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். அப்படித்தான் ஃப்ராவ் விட்மரோடு வேலை தொடங்கியது. அதற்குப் பிறகு இரண்டு பயிற்சி வகுப்பு, ஒரு தேர்வு, அதில் ஒருமுறை தோல்வி, மறுமுறை தேர்ச்சி. சில வருடத்தில் புள்ளிப் பதிவாளர், பிறகு செயலாளர். துப்புரவு வேலையையும் கடைசிவரை விடவில்லை.

ஃப்ராவ் விட்மர் விளையாட்டு ஆசிரியை, கூட்டமைப்பின் தலைவி. உயரமானவர், உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. பட்டியலைப் பார்க்கும்போது ஒவ்வொரு வரிக்கும் கீழே அளவுகோலை வைத்து, பெயரை உதட்டுக்குள் வாசித்து, அதன் பிறகே அடுத்த வரிக்கு இறக்குவார். பச்சை மையால் மட்டுமே குறி இடுவார். யாராவது சத்தமாக வாதாடினால் தன் குரலை இன்னும் தாழ்த்துவார். அதைக் கேட்பதற்காக மற்றவரும் அடங்கவேண்டி வரும். கூட்டத்துக்கு முன் ஒரு அப்பிளை விதையோடு முழுதாகச் சாப்பிடுவார், காம்பு மட்டும் மிஞ்சும். என்னைப் பாராட்டியதே இல்லை. பிழை விட்டால், "ஃப்ராவ் குரூஸ், மீண்டும் பாருங்கள்" என்பார். எங்கே பிழை என்று சொல்ல மாட்டார். நானே கண்டுபிடிக்க வேண்டும்.

நடைமுறையைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். ஆட்டம் சனிக்கிழமை. புதன் நண்பகலுக்குள் பள்ளியின் முத்திரையோடு பட்டியல் எனக்கு வரவேண்டும். சனிக்கிழமை காலை இரண்டு அணியையும் வரிசையில் நிறுத்தி, ஆட்டக்காரர் அட்டையிலுள்ள படத்தையும் முகத்தையும் பட்டியலிலுள்ள இலக்கத்தையும் ஒப்பிட்டு பென்சிலால் குறி இடுவேன். பிறகு பயிற்சியாளர்கள் தரும் துண்டுத் தாளைப் பார்த்து, யார் எந்த இடத்தில் தொடங்குகிறார் என்று புள்ளித் தாளிலுள்ள ரோம எண்களுக்குக் கீழே எழுதுவேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு. முறை மாறி யாராவது சேவிஸ் போட்டால் நான் மணியை அழுத்த வேண்டும். முழு மண்டபமும் திரும்பிப் பார்க்கும். தாள் மூன்று பிரதி. ஆட்டம் முடிந்ததும் இரு அணித் தலைவிகளும் கையொப்பம் இட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் கையொப்பத்துக்கு முன் எழுத வேண்டும். கையொப்பம் விழுந்தபிறகு கடவுளே வந்தாலும் தாளை மாற்ற முடியாது என்பது ஃப்ராவ் விட்மரின் சட்டம்.

கரப்பந்து இறுதி ஆட்டம் ஒன்று. இரண்டு பள்ளிகளின் பெயரையும் எழுதவில்லை. ஒரு பள்ளி அதற்கு முன் ஒருமுறையும் வெற்றிக் கிண்ணம் எடுக்காதது. அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரி ஏழாம் இலக்கம், அபிரா. அவளுடைய பெயரையும் தகப்பனின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளை. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புத் தொழில் பழகிக்கொண்டிருந்தாள், இரண்டாம் வருடம். தகப்பன் நகுலன் ஓல்டனில் பொதி பிரிக்கும் இடத்தில் வேலை. மகளின் எந்த ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. அன்றும் முன்வரிசைக் கதிரையில், மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு இருந்தார்.

காலை ஒன்பதே கால். ஃப்ராவ் விட்மர் அளவுத்தடியால் வலையின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அபிராவின் முறை வந்தது. அட்டையை நீட்டிக்கொண்டே மெல்லத் தமிழில் சொன்னாள்.

"அன்ரி, வியாழக்கிழமை என்ர லேரயை முறிச்சுப்போட்டினம்."

நான் நிமிர்ந்தேன்.

"பொறுப்பாளரோட ஒத்துவரேல்லை. கடிதம் தந்திட்டினம். வீட்டிலயும் தெரியாது, ரீமிலயும் தெரியாது. நான் விளையாடலாமோ?"

விதியில் இருந்தது ஒரே வரி. ஆட்டக்காரர் செல்லுபடியான தொழிற்பயிற்சி ஒப்பந்தம் உள்ளவராக இருக்கவேண்டும். ஒப்பந்தம் முறிந்தாலும் இன்னொரு இடம் தேடிக்கொள்ள அவகாசம் கொடுத்து, சில காலம் பள்ளிக்கு வர விடுவார்கள். அதனால் அவள் அன்றும் பள்ளி மாணவிதான். அட்டையில் அடுத்த கோடைவரை திகதி இருந்தது. பட்டியல் புதன்கிழமை வந்தது, அன்று எல்லாம் சரியாக இருந்தது. இதையெல்லாம் நான் அந்த அரை நிமிடத்துக்குள் யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட, எனக்கு வேண்டிய பக்கத்துக்குக் காரணம் தேடினேன் என்பதே சரி. பின்னால் தகப்பன் இருந்தார். முன்னால் பிள்ளை நின்றாள். மன்னார்ப் பள்ளியில் காய்ச்சலோடு ஒரு இறுதி ஆட்டம் விளையாடியவள் நான், என்னைத் தடுத்திருந்தால் செத்திருப்பேன் என்று நினைத்த வயது அது.

"கார்ட் சரியாத்தானே இருக்கு. போ, போய் உடம்பைச் சூடாக்கு" என்றேன்.

பென்சிலால் குறி இட்டேன்.

நல்ல ஆட்டம். ஐந்து செற்றும் போனது. அபிராவின் கை அன்று வேறு விதமாக இருந்தது, பந்தை அடித்தாளா கோபத்தை அடித்தாளா தெரியாது. கடைசிச் செற்றில் அவள் சேவிஸில் மட்டும் தொடர்ச்சியாக ஆறு கோடு போட்டேன். பதினைந்து வந்ததும் அவளுடைய அணிப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நகுலன் எழுந்து நின்று கை தட்டினார், சாப்பாட்டுப் பெட்டி உருண்டு விழுந்தது.

நான் தாளைத் திருப்பிக் கையொப்பத்துக்கு வைத்தேன். வென்றவர்கள் பக்கம் விழுந்துவிட்டது. தோற்ற அணியின் தலைவி பேனாவை எடுக்கும்போது அவர்களின் பயிற்சியாளர் ஹெர் பூர்க்கி வந்து தாளின் மேல் கையை வைத்தார். அவருடைய ஆட்டக்காரி ஒருத்தியின் அக்கா அதே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கைபேசியில் செய்தி வந்திருந்தது.

"ஏழாம் இலக்கத்துக்கு ஒப்பந்தம் இல்லை. ஆட்சேபம் எழுதுகிறேன்."

உபகரண அறைக்குள் போனோம். பாய்களும் பந்து வலைகளும் நடுவில். ஃப்ராவ் விட்மர், நடுவர், ஹெர் பூர்க்கி, அபிராவின் பயிற்சியாளர், நான். ஃப்ராவ் விட்மர் பட்டியலை எடுத்து அளவுகோலை வைத்து ஏழாம் வரியை வாசித்தார். என் பென்சில் குறியைப் பார்த்தார்.

"ஃப்ராவ் குரூஸ், இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அபிரா தமிழில் சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"ஒன்பதே காலிலிருந்து."

அவர் அதைப் பச்சை மையால் அறிக்கையில் எழுதினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "முடிவு ரத்து. வெற்றி எதிரணிக்கு" என்றார்.

நான் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "காரணத்தை மைக்கில் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு இன்னும் தெரியாது."

"காரணம் இல்லாமல் ஒரு முடிவை நான் அறிவிப்பதில்லை. இன்றைக்கு ஒருத்திக்காக மறைத்தால், நாளைக்கு யாருக்காக மறைத்தேன் என்று கேட்பார்கள்."

அறிவித்தார். ஏழாம் இலக்க ஆட்டக்காரிக்குச் செல்லுபடியான தொழிற்பயிற்சி ஒப்பந்தம் இல்லை என்று, தாழ்ந்த குரலில், தெளிவாக. நகுலனுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். அவர் முதலில் மற்ற அணியின் ஏழாம் இலக்கத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கிண்ணத்தை வாங்க அழைத்தபோது எதிரணித் தலைவி, மயிர் வெட்டும் தொழில் பழகுகிற பதினெட்டு வயதுப் பெண், எழுந்து வந்து, "எங்களுக்கு வேண்டாம்" என்றாள். ஹெர் பூர்க்கி ஏதோ சொன்னார். "வேண்டுமென்றால் நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்றாள். அவளுடைய அணியும் வாங்குப் பலகையைவிட்டு எழும்பவில்லை. ஃப்ராவ் விட்மர் கிண்ணத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். கூட்டமைப்பின் அட்டவணையில் அந்த வருடத்துக்கு நேரே வெற்றியாளர் இல்லை என்று இருப்பது அதனால்தான்.

மண்டபத்தைக் கழுவிவிட்டு வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தேன். நகுலனின் கார் இன்னும் நின்றது. அபிரா முன் இருக்கையில் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு இருந்தாள். அவர் வெளியே நின்றார்.

"அக்கா, உங்களுக்கு முதலே தெரியுமாம்?"

"ஓம்."

"நான் பத்தடியில இருந்தனான். ஒருக்கா வந்து காதுக்குள்ள சொல்லியிருக்கலாமே."

"அது அவள் சொல்லவேண்டியதெண்டு விட்டனான், தம்பி."

"ஓம். அவளும் சொல்லேல்லை, நீங்களும் சொல்லேல்லை. கடைசியில மைக்கில கேட்டன்."

அவர் சத்தம் போடவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் குடும்பம் கொஞ்ச நாள் எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசைக்குப் பிறகான ஒன்றுகூடலுக்கும் வரவில்லை. அவர்கள் சைவம்தான், ஆனால் முன்பு வருவார்கள்.

அடுத்த பருவத்தின் முதல் பாதிக்கு என்னைப் புள்ளி மேசையிலிருந்து நிறுத்தினார்கள். ஃப்ராவ் விட்மரே முன்மொழிந்தார். சனிக்கிழமைகளில் வாளியோடு சுவரோரம் நின்று, வேறொருவர் கோடு போடுவதைப் பார்த்தேன். அவமானமாக இருந்தது. அதைவிடக் களைப்பாக இருந்தது. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

தை மாதம் ஃப்ராவ் விட்மர் மண்டபத்துக்கு வந்தார். ஈரத் தரையின் விளிம்பில் நின்றார்.

"விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒப்பந்தம் முறிந்தவர்களைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லை. நீங்கள் எழுதுங்கள்."

"நானா? என் ஜெர்மனிலா?"

"ஓட்டை எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியும்."

இரண்டு வாரம் எடுத்தது. ஒப்பந்தம் முறிந்த ஆட்டக்காரர், பள்ளிக்கு வந்துகொண்டிருக்கும்வரை, அந்தப் பருவம் முடியுமட்டும் விளையாடலாம். காரணம் கேட்கப்படாது. ஃப்ராவ் விட்மர் அளவுகோல் வைத்து வாசித்து, ஒரே ஒரு ஜெர்மன் சொல்லின் ஆண்பால் பெண்பால் பிழையைத் திருத்தினார். 'காரணம் கேட்கப்படாது' என்பதில் அளவுகோல் கொஞ்ச நேரம் நின்றது. வெட்டவில்லை. அந்த விதி நிறைவேறிய அன்று வெளியே வந்து கையை நீட்டி, "நான் எல்ஸ்பெத்" என்றார். இனி நீங்கள் வேண்டாம், நீ என்று சொல்லலாம் என்று அர்த்தம். சேர்ந்து வேலை தொடங்கிப் பன்னிரண்டு வருடம் கழித்து. எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை நீங்கள்தான்.

கடைசிக் கூட்டத்தில் நான் கேட்டது இது ஒன்றைத்தான். எங்கள் விதியிலுள்ள அந்த வரியைப் பெரிய கூட்டமைப்பு எடுத்துக்கொள்ளுமா என்று. மடிக்கணினி இளைஞர் யோசித்தார். ஒப்பந்தம் முறிந்தால் தானாகவே சிவப்பு வந்துவிடுமே என்றார். பரிசீலிப்பதாகக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இரண்டு பக்க வரலாற்றை அனுப்புமுன் ஃப்ராவ் விட்மரிடம் காட்டப் போனேன். இடுப்பு முறிந்தபிறகு அவர் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இப்போது உட்கார்ந்துதான் பேசுகிறார். வாசித்து முடித்து, "வெற்றியாளர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று எழுதவில்லை" என்றார்.

"அந்தப் பிள்ளையின் பெயர் வேண்டாம் என்று விட்டேன்."

"பெயர் வேண்டாம். விதியை எழுதுங்கள். முன்பு இருந்ததையும், பிறகு நீங்கள் எழுதியதையும்."

சரி என்று எழுந்து வெளியே வந்தேன். நடைவழியில் மருந்து வண்டியோடு ஒருத்தி நின்றாள். நீல மேலாடை, முடியை உயர்த்திக் கட்டியிருந்தாள். நெஞ்சில் குத்தியிருந்த பெயரைப் பார்த்த பிறகே முகம் தெரிந்தது. அபிரா. அந்த மாடிக்கே பொறுப்பாளர். வேறிடத்தில் லேரயை முடித்து, மேலும் படித்திருக்கிறாள். கரப்பந்து மட்டும் அதற்குப் பிறகு தொடவில்லையாம்.

"விட்மர் அம்மா உன்னை அடையாளம் கண்டுபிடிச்சவவோ?" என்று கேட்டேன்.

"முதல் நாளே. 'ஏழாம் இலக்கம்' எண்டா. மன்னிப்புக் கேப்பா எண்டு நினைச்சன். 'அந்த முடிவு சரி' எண்டா." அவள் சிரித்தாள். "எனக்கு ஒரு மாதிரி ஆறுதலாத்தான் இருந்தது. ஆளில ஒரு மாற்றமும் இல்லை."

"அப்பா?"

"சுகமா இருக்கிறார். அதைப் பற்றி நாங்கள் கதைக்கிறேல்லை."

நான் போக எத்தனித்தேன். அவள் வண்டியைப் பிடித்தபடி கேட்டாள்.

"அன்ரி, அண்டைக்கு நான் ஏன் உங்களிட்டச் சொன்னனான் எண்டு யோசிச்சனீங்களோ?"

"நான் விளையாட விடுவன் எண்டு நம்பித்தானே, பிள்ளை."

"இல்லை. விடமாட்டீங்கள் எண்டு நம்பி." கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னாள். "பயிற்சியாளரிட்டப் போய் நான் விளையாடேல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அப்பா முன்னால இருந்தவர். நீங்கள் கார்டில ஏதோ பிழை எண்டு சொல்லியிருந்தால், நான் பேசாமல் வாங்கில இருந்திருப்பன். பின்னேரம் நானே வீட்டில ஆறுதலாச் சொல்லியிருப்பன்."

இத்தனை வருடமும் ஒரு பிள்ளைக்கு இரக்கம் காட்டப்போய்த் தண்டனை வாங்கியவள் என்றே என்னை நான் வைத்திருந்தேன். ஏன் விளையாட விட்டீர்கள் என்று அவள் என்றாவது கேட்டால் சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். புதன்கிழமைப் பட்டியல், அட்டையின் திகதி, விதியின் ஓட்டை. ஒன்றும் உதவவில்லை.

"மன்னிச்சுக்கொள், பிள்ளை" என்றேன்.

"ஓம், அன்ரி" என்றாள்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அடுத்த அறையிலிருந்து யாரோ மணியை அழுத்தினார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.